இலையுதிர்காலக் கைவேலை: பினாங்கில் ஒரு சிறு குழந்தைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

அக்டோபர் பிறந்தவுடன், சிவப்பும் மஞ்சளுமான மேப்பிள் இலைகளை வைத்துக் குழந்தைகள் செய்யும் கைவேலைப் படங்கள் கைப்பேசியில் வந்து குவியத் தொடங்கிவிடுகின்றன. ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அவற்றைப் பார்த்ததும் நாமும் செய்து பார்க்கலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. பினாங்கில் வாழும் நமக்கு அந்த ஆசையோடு சில கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. இணையக் கடைகளில் விற்கும் கைவேலைப் பொட்டலத்தை வாங்குவதா, கீழே இறங்கிப் போய்க் கிடைக்கும் இலைகளைப் பொறுக்கி வருவதா, பொறுக்கி வந்தால் அவற்றை ஒட்டுவதா, சாயம் தடவி அச்சு எடுப்பதா, மாவில் பதிப்பதா, அல்லது தாத்தா செய்துகொடுத்த ஓலைப் பீப்பியோடு நிறுத்திக்கொள்வதா என்பவையே அவை. இவற்றை ஒப்பிடும்போது நான் கையிலெடுக்கும் அளவுகோல் செய்து முடித்த பொருளின் அழகன்று. குழந்தையின் கைக்கு எவ்வளவு வேலை மிஞ்சுகிறது, பெரியவர் எவ்வளவு செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே முதல் அளவுகோல். நம் ஊர் ஈரக்காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்பது இரண்டாவது.

முதலில் காலத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது, மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து அதன் சத்தை உள்வாங்கிக்கொள்கிறது. அதுவரை பச்சையத்தின் கீழ் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் அப்போது வெளித்தெரிகின்றன. மேப்பிள் போன்ற சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாகவே உருவாகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் இருக்கும் பினாங்கில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. இங்கே இலை உதிர்வை முடுக்குவது குளிரன்று, வறட்சியே. ரப்பர் மரங்கள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் இலை உதிர்த்துத் துளிர்க்கின்றன. தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு அவை பால் குறையும் மாதங்களாக நினைவிலிருக்கும். கெத்தாப்பாங் என்று நாம் அழைக்கும் நாட்டு வாதுமை மரம், உதிர்க்கும் முன் தன் பெரிய இலைகளை நல்ல செம்பு நிறத்துக்கும் சிவப்புக்கும் மாற்றுகிறது. மேப்பிள் இல்லையே என்று ஏங்குபவர்கள் தஞ்சோங் பூங்கா கடற்கரையோரத்துக் கெத்தாப்பாங் மரத்தடியில் ஒருமுறை நின்று பார்த்தால் போதும். ஆனால் அக்டோபர் பினாங்கில் மழை மிகுந்த மாதங்களில் ஒன்று. அந்த மாதத்தில் பொறுக்கும் இலைகளில் பாதி நனைந்து ஊறியவையாகவே இருக்கும். ஆகவே இலை பொறுக்கும் வேலையைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைப்பதே நம் ஊருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அக்டோபரிலேயே செய்தாக வேண்டும் என்றால் அதற்கேற்ற வழியைப் பின்னால் சொல்கிறேன்.

கடைப் பொட்டலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துணியால் வெட்டிய மேப்பிள் இலைகள், பைன் காய்கள், ஓக் கொட்டையைப் போலச் செய்த மணிகள், ஒட்டுவதற்கு உருளும் கண்கள், சிறு மணிச்சரங்கள் என்று எல்லாம் அளந்து வெட்டி அடுக்கி வருகின்றன. குழந்தை செய்வதற்கென்று எஞ்சியிருப்பது படத்தில் காட்டியபடி ஒட்டுவது மட்டுமே. ஒட்ட வேண்டிய இடம் தவறினால் திருத்துவது அம்மாவின் வேலையாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை அந்த மணிகளும் கண்களும்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும்போது, ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுவதுமாக அடங்கும் எந்தப் பொருளையும் தொண்டையில் சிக்கக்கூடியதாகவே கருதுகிறார்கள். பொட்டலத்தில் வரும் பொருள்களில் பெரும்பாலானவை அந்த உருளைக்குள் தாராளமாக அடங்கிவிடும். பெரிய பைன் காயை மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம். அதைச் சாயத்தில் தோய்த்துத் தாளில் உருட்டுவது சிறு குழந்தைக்கும் கைவரும் வேலை. அந்த ஒரு காய்க்காக முழுப் பொட்டலத்தையும் வாங்கத் தேவையில்லை.

இனிப் பொறுக்குவது. எங்கே பொறுக்குவது என்பதில் ஒரு சிறு ஒழுங்கு வேண்டும். 1884இல் தொடங்கப்பட்ட பினாங்குத் தாவரவியல் பூங்கா தண்ணீர்மலைக்கு அருகிலேயே இருப்பதால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அங்கே நாகலிங்க மரத்தைக் காட்டி, அதன் பூ தண்டிலிருந்தே முளைப்பதையும் குண்டு போன்ற காயையும் குழந்தைக்குச் சொல்லலாம். ஆனால் அங்கிருந்து எதையும் எடுத்து வராமல் இருப்பதே முறை. மேலும் அங்குள்ள குரங்குகள் குழந்தையின் கையிலிருக்கும் பையைத் தின்பண்டம் என்றே எண்ணிப் பறிக்க வரும். இலை பொறுக்க அடுக்குமாடி வீட்டின் அடித்தளமும், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் நடைபாதை ஓரமும், கடற்கரையும் போதுமானவை. ஏடிஸ் கொசுக்கள் விடிந்து சற்று நேரம் வரையிலும் அந்தி சாயும் முன்பும் அதிகம் கடிப்பதாலும், காய்ந்து குழிந்த கெத்தாப்பாங் இலையில் தேங்கும் ஒரு கரண்டி நீரே அவற்றுக்குப் போதுமென்பதாலும், காலை ஒன்பது ஒன்பதரை மணியளவில் நீளக் காற்சட்டை போட்டு அழைத்துச் செல்வது நல்லது. பெரியவர் இலையை ஒருமுறை உதறித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குழந்தையிடம் கொடுக்க வேண்டும். அடியில் முசுறு எறும்பு இருந்தால் அன்றைய கைவேலை அழுகையோடு முடிந்துவிடும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே போகும் பேச்சே வேண்டாம்.

எவற்றைப் பொறுக்கக் கூடாது என்பதில் மட்டும் தயக்கமே கூடாது. சாகா மரத்தின் விதை முழுவதும் சிவப்பாக, பளபளவென்று, பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். ஆனால் அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டைக்கும் மூக்குக்கும் அளவெடுத்தது போன்றது. அதனோடு பலர் குழப்பிக்கொள்ளும் குன்றிமணியோ, சிவப்பில் கறுப்புப் பொட்டுடன் இருப்பது, கடும் நஞ்சு; மென்று விழுங்கினால் ஒரு விதையே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். அரளியிலும் பொன்னரளியிலும் எந்தப் பகுதியும் வேண்டாம். மாவிலையின் காம்பை ஒடிக்கும்போது வரும் பாலும், கம்போஜா என்று நாம் சொல்லும் கல்லறைப் பூமரத்தின் பாலும் மென்மையான தோலைப் புண்ணாக்கக் கூடியவை. பச்சையாக ஒடித்தவற்றைத் தவிர்த்து, தானாக உதிர்ந்து காம்பு காய்ந்தவற்றை எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். ரப்பர் கொட்டையை வைத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தி உடைக்கும் போட்டி ஆடியதுண்டு. அது பெரிய பிள்ளைகளின் ஆட்டம். உள்ளிருக்கும் பருப்பைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு என்பதால் கைக்குழந்தையிடம் அதைக் கொடுப்பதில்லை.

பொறுக்கிய இலையை ஒட்டிப் படம் செய்வதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒரு குருவி, ஒரு முள்ளம்பன்றி, ஒரு சிங்கத்தின் பிடரி என்று படங்களில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு இலை தட்டையாக இருக்க வேண்டும். தட்டையாக்க வேண்டுமென்றால் செய்தித்தாள்களுக்கிடையில் வைத்துக் கனமான புத்தகத்தை ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றி, ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் பெரும்பாலான நாள்களில் எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், தாள் மாற்ற மறந்தால் இலைக்குப் பதில் பூஞ்சைதான் கிடைக்கும். இரண்டு வயதுக் குழந்தையிடம் இன்று பொறுக்கிய இலையை அடுத்த வாரம் ஒட்டலாம் என்று சொல்வதில் பயனில்லை. பொறுக்கியதற்கும் ஒட்டுவதற்கும் உள்ள தொடர்பே அதற்குள் அதன் மனத்தில் அறுந்துவிடும். மைதாவைக் காய்ச்சிய பசைக்கு எறும்பும் கரப்பானும் வரும் என்பது இன்னொரு தொல்லை. ஒட்டுதலில் ஒரே ஒரு வகையை மட்டும் நான் ஏற்பேன். புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டுப்பசையுள்ள கண்ணாடித்தாளை, பசைப்பக்கம் நம்மைப் பார்க்கும்படி, குழந்தையின் உயரத்துக்குச் சன்னலில் நான்கு மூலையிலும் ஒட்டி வைத்துவிட்டால், குழந்தை இலையையும் பூவையும் தானே அதில் ஒட்டும், பிய்க்கும், மறுபடி ஒட்டும். உள்ளிருக்கும் ஈரத்தால் சில நாள்களில் இலைகள் கறுத்துவிடும். அப்போது தாளோடு கழற்றிக் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான். வைத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது, ஆனால் அரைமணி நேரம் குழந்தையின் கை ஓயாது.

அச்சு எடுப்பதில் இந்தக் காத்திருப்பு இல்லை. பொறுக்கி வந்த இலை வதங்கும் முன், அதன் அடிப்பக்கத்தில் சாயத்தைத் தடவித் தாளில் வைத்து அழுத்தினால் போதும்; நரம்புகள் புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான் என்பதால் அந்தப் பக்கமே அச்சுக்கு ஏற்றது. கெத்தாப்பாங் இலை ஒன்றரைச் சாணுக்கு வளர்வதால் குழந்தையின் உள்ளங்கை முழுவதும் அதன்மேல் பதிகிறது. மெல்லிய இலைபோல் கிழியவும் கிழியாது. அதைவிட எனக்குப் பிடித்தது அங்சானா மரத்தின் காய். நடுவில் விதை புடைத்து, சுற்றிலும் தட்டையான சிறகு சுருக்கங்களோடு விரிந்து, பொரிக்காத சிறு அப்பளம் போல் இருக்கும் அதைச் சாயத்தில் தோய்த்து ஒற்றினால், நடுவில் ஒரு கறையும் சுற்றிலும் ஓர் ஒளிவட்டமுமாக விழும். வளர்ந்த காயை விரல்நுனிகளால் பிடிக்கலாம். விழுங்கும் அளவுக்குச் சிறியதுமன்று. ஆனால் சிறகு நொறுங்கத் தொடங்கிய பழைய காயை ஒதுக்கிவிட வேண்டும்.

சாயத்துக்கு நீரில் கழுவக்கூடிய குழந்தைச் சாயம் வாங்கலாம். சமையலறையிலிருந்தே எடுப்பதாக இருந்தால் மஞ்சள்தூள் கரைசல் நன்றாகப் பிடிக்கும். வெயில் பட்டால் வெளிறிவிடும் என்பதும், சட்டையில் பட்டால் எளிதில் போகாது என்பதும் அதன் இரண்டு குணங்கள். சீன-மலாய் மரபுகள் கலந்த ஞோஞ்ஞா பலகாரங்களுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூ பினாங்கில் வேலியோரங்களிலேயே கிடைக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து ஆறிய அந்த நீலத்தில் இலையைத் தோய்த்து ஒற்றியபின், அதன்மேல் லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையை ஒரு சொட்டுப் பிழிந்தால் நீலம் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். எலுமிச்சையின் புளிப்பு, பூவிலுள்ள நிறமியை மாற்றுவதுதான் காரணம். அதை இரண்டு வயதில் விளக்கத் தேவையில்லை. அச்சின் குறை என்னவென்றால், அது வீட்டை அழுக்காக்கும். குளியலறைத் தரையிலோ, மாடிப்படிக்கு வெளியே செய்தித்தாள் விரித்தோ செய்ய இடமில்லாத சிறிய அடுக்குமாடி வீட்டில் பெரியவரின் நேரத்தில் பாதி துடைப்பதிலேயே போய்விடும்.

நான் முதலிடம் கொடுப்பது மாவில் பதிப்பதற்கு. காரணம் எளிது: பிசைதல், தட்டுதல், குத்துதல், அழுத்துதல், பிய்த்தெடுத்தல் ஆகிய எல்லாமே இந்த வயதுக் குழந்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே செய்பவை. பெரியவர் செய்ய வேண்டியது மாவைத் தயார் செய்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவது மட்டுமே. குளிர்நாட்டுக் குறிப்புகளில் இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர் என்ற உப்புமாவு முறையே எங்கும் காணப்படுகிறது. அது இங்கே அவ்வளவாக உதவாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், வெதுப்பியில் (ஓவனில்) நன்றாகக் காயவைத்த வில்லைகூட மழை நாள்களில் வியர்த்து நெகிழ்ந்துவிடும். அதற்குப் பதிலாக இரண்டு பங்கு சமையல் சோடா, ஒரு பங்கு சோளமாவு, ஒன்றேகால் பங்கு தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து, கட்டி தட்டாமல் சிறு தீயில் கிண்டி, சட்டியை விட்டு உருண்டு வரும்போது இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி ஆறவைத்துப் பிசைந்தால் வெண்மையான, வழவழப்பான மாவு கிடைக்கும். அது நுண்ணிய நரம்பையும் பிடித்துக்கொள்ளும்; காய்ந்தபின் ஈரத்தையும் அவ்வளவாக இழுப்பதில்லை. உப்புமாவோ சோடாமாவோ, இரண்டுமே அதிக அளவில் விழுங்கினால் உடலுக்குக் கெடுதி. எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவத்திலிருக்கும் குழந்தையை மாவோடு தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகக் கூடாது.

மாவை அரைச் செண்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, இலையின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, குழந்தையை அழுத்தச் சொல்ல வேண்டும். குழந்தை உள்ளங்கையால் அழுத்தாது. ஒற்றை விரலால் இலையின் நடுவில் குத்தும். குத்தட்டும். பிறகு பெரியவர் ஒரு குவளையை இலையின்மேல் ஒருமுறை உருட்டிவிட்டு, காம்பைத் தூக்கிக் குழந்தையின் கையில் கொடுத்து உரிக்கச் சொன்னால், இலை விட்டுப் போன இடத்தில் நடு நரம்பும் கிளை நரம்புகளும், நடுவே அந்த விரல்குழியும் அப்படியே நிற்கும். இதற்குக் கெத்தாப்பாங் மிகப் பெரியது. கற்பூரவல்லிதான் சிறந்தது, அதன் தடித்த இலையில் நரம்புகள் ஆழமாக ஓடுவதால் அழுத்தம் குறைவாக இருந்தாலும் பதிகிறது. பூத்தொட்டியில் உள்ள கறிவேப்பிலை இணுக்கும், துளசியும், பெரணியும் நன்றாக வரும். அக்டோபர் மழையில் வெளியே போக முடியாதவர்களுக்கு நான் முன்பு சொன்ன வழி இதுதான்: வீட்டு வாசலில் இருக்கும் தொட்டிகளே போதும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நம் வீடுகளில் அதைப் பாட்டிமார்கள் எழுப்புவார்கள். சாப்பிடும் மாவைப் போட்டு விளையாடுவதா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. வண்டு விழுந்த மாவையோ, தேதி கடந்த மாவையோ அதற்கென்று ஒதுக்கி வைக்கலாம். சோளமாவு முறையில் அடுப்பில் கிண்டுவதால் வண்டும் கிருமியும் ஒரு பொருட்டாகாது. அதுவும் மனத்துக்கு ஒவ்வாதவர்கள் கடையில் விற்கும் காற்றில் உலரும் களிமண்ணை வாங்கிக்கொள்ளலாம். விலை கூடும், நரம்பு இன்னும் கூர்மையாகப் பதியும்.

ஐந்தாவது வழியான ஓலைப் பொருள்கள் மற்ற நான்கோடும் ஒப்பிட முடியாதவை. தென்னோலைக் காற்றாடியையும், பாம்பையும், பூவரசு இலையைச் சுருட்டிச் செய்யும் பீப்பியையும் செய்பவர் தாத்தாதான். குழந்தையின் கைக்கு அங்கே வேலையே இல்லை. என் முதல் அளவுகோலின்படி இது கடைசிக்குப் போக வேண்டும். இருந்தும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் கைவேலையில் இழந்ததைக் குழந்தை விளையாட்டில் மீட்டுக்கொள்கிறது: காற்றாடியைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஓடுவதற்கும், பீப்பி ஊதத் தெரியாமல் எச்சிலால் நனைத்துக் கசக்குவதற்கும் இரண்டு வயது நல்ல வயது. ஈர்க்கை மட்டும் முழுவதும் உருவிவிட வேண்டும், கண்ணுக்கு ஆபத்து. காற்றாடிக்கு ஈர்க்குக்குப் பதில் முனை மழுங்கிய தடித்த குச்சியைப் பயன்படுத்தலாம். ஓலை பின்னத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துகொள்ள வேண்டும். தெரிந்தவர் இல்லையென்றால் காணொளி பார்த்து முயலலாம்தான், ஆனால் நாம் கற்றுக்கொண்டு முடிக்கும்வரை குழந்தை காத்திராது.

ஆகவே முடிவு வீட்டைப் பொறுத்து மாறும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மாவுதான்; வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டைத் தாண்டிய குழந்தைக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடற்கரைக்குப் போய் இலை பொறுக்கி வந்து அச்சு எடுப்பது கூடுதல் மகிழ்ச்சி தரும், அழுக்கைக் கழுவ இடமிருந்தால். சன்னல் ஒட்டுத்தாளை மழைநாள் மாற்றாக வைத்துக்கொள்ளலாம். முள்ளம்பன்றியும் சிங்கப் பிடரியுமாக ஒட்டும் படங்களை, குழந்தை கத்தரிக்கோல் பிடிக்கத் தொடங்கும் மூன்று வயதுக்குப் பிறகு எடுத்துக்கொண்டால், அவை அம்மாவின் வேலையாக இல்லாமல் பிள்ளையின் வேலையாகவே இருக்கும்.

அக்டோபரில் செய்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருவதால், பதித்த வில்லைகளுக்கு அப்போதே ஒரு பயன் கிடைக்கிறது. மாவு ஈரமாக இருக்கும்போதே பானம் உறிஞ்சும் குழாயால் ஓர் ஓரத்தில் துளையிட்டு, கம்பித்தட்டின்மேல் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் திருப்பித் திருப்பி வைத்துக் காயவிட வேண்டும். மழை விடாமல் பெய்தால், வெதுப்பியில் 90 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைக்கலாம், அதற்கு மேல் சூடேற்றினால் வெடித்துவிடும். காய்ந்தபின் நூல் கோத்து, அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் அனுப்பும் முறுக்கு டின்களில் பெயர் எழுதிக் கட்டலாம். துளையிடும் வேலையைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். ஒன்று போடச் சொன்னால் நான்கு போடும், நூல் கோக்க ஒன்று போதும்.